வானத்தை வரைந்த பூதேன்

கிளோத் மோனேயின் பெயர் இல்லாத ஓவிய வரலாற்று நூல் இல்லை. அந்த மோனேயைக் கையைப் பிடித்து வெளிவெளிக்கு அழைத்துச் சென்று, இயற்கையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. யூழேன் பூதேன் என்பது அவர் பெயர். பிரெஞ்சு ஒலிக்கு நெருங்கி வருமாறு எழுதியிருக்கிறேன். பூவும் தேனும் சேர்ந்தாற்போல் அது தமிழாகவே காதில் விழுந்தால் குற்றம் என்னுடையதன்று!

நான் வேதியியல் மாணவன், தூரிகை பிடித்தறியேன். ஆயினும் இவரைப் பற்றி நம் மன்ற மலரில் எழுத விரும்புவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலரைப் போல இவரும் உபகாரச் சம்பளத்தில் வெளியூர் சென்று படித்தவர்.

1824ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நார்மண்டிக் கரையில் உள்ள ஓன்ஃப்ளர் என்னும் சிறு துறைமுகத்தில் பிறந்தார். சேன் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் தென்கரையில் இருப்பது அவ்வூர். எதிர்க்கரையில் லெ ஹாவர் என்ற பெருந்துறைமுகம். தந்தை மாலுமி. பிள்ளையும் சிறு வயதிலேயே கப்பலில் எடுபிடி வேலை பார்த்தது. 1835இல் குடும்பம் லெ ஹாவருக்குக் குடியேறிற்று. இருபதாம் வயதில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, எழுதுபொருளும் படச்சட்டமும் விற்கும் கடை ஒன்றை நடத்தினார். அக்கரைக்கு வரைய வந்த ஓவியர்கள் தம் படங்களுக்குச் சட்டம் போட அங்கே வருவார்கள். துரோயோன், மிலே முதலியோரின் பழக்கம் அவ்வாறு கிடைத்ததுதான். பிறர் படத்துக்குச் சட்டம் போட்ட கை தானும் வரையத் தொடங்கிற்று. 1846இல் கடையை விட்டார்.

வணிகத்தை விட்டவனுக்குச் சோறு போடுவார் யார்? 1851இல் லெ ஹாவர் நகரசபை மூன்றாண்டு உபகாரச் சம்பளம் கொடுத்து அவரைப் பாரிசில் படிக்க வைத்தது. லூவர் அரண்மனையில் பழைய பெரும் ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். மூன்றாண்டு முடிந்தது. அக்காலத்து நகரசபை எதை எதிர்பார்த்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். போர்க்களமும் புராணக் கதையும் சுவரளவு துணியில் எழுதும் ஓர் ஓவியரைத்தான். வந்தவரோ கையகலப் பலகைகளில் மேகத்தை வரைந்துகொண்டிருந்தார். நகரத்தாருக்கு ஏமாற்றம். அவருக்கோ பல ஆண்டு வறுமை. தலைநகரில் கற்றதைக் கொண்டு தலைநகரத்தாருக்குப் பிடித்ததைச் செய்திருந்தால் வாழ்வு எளிதாகியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்நாளில் இயற்கைக் காட்சி வரைவோர் வெளியே குறிப்புப்படம் எடுத்துக்கொண்டு, படத்தை அறைக்குள் அமர்ந்து முடிப்பதே வழக்கம். 1841இல் ஈயக்குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் வந்தபின் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்றாயிற்று. இடத்திலேயே நேரில் தீட்டிய படத்தில் இருக்கும் உயிர் அறையில் தீட்டியதில் இராது என்பது பூதேனின் உறுதியான கொள்கை. நார்மண்டிக் கரையில் அது எளிதான காரியமன்று. கடலிலிருந்து மேல்காற்று ஓயாமல் ஈரமேகங்களை ஓட்டிக்கொண்டு வரும். கால்மணி நேரத்துக்கு முன் இருந்த வெளிச்சம் இப்போது இராது. ஆகவே விரைந்து தீட்ட வேண்டும். தொடுவானத்தைப் படத்தின் அடியில் தாழ்த்தி வைத்துவிடுவார். முக்கால் பங்கு வானம். சாம்பல் நிறத்திலேயே எத்தனை வகை! முத்தின் சாம்பல், ஈயத்தின் சாம்பல், மழை விட்ட பின் நீலம் கசியும் சாம்பல்.

வண்ணக்கட்டி கொண்டு தீட்டிய மேகப்படங்களில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதும் என் போன்றோருக்கு இது எவ்வளவு இனிக்கிறது! 1859இல் கவிஞர் போதலேர் ஓன்ஃப்ளரில் இப்படங்களைக் கண்டார். குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவமும் நேரமும் காற்றும் இன்னவென்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று வியந்து எழுதினார். அவ்வாண்டுதான் பாரிசின் சலோன் கண்காட்சியில் பூதேனின் படம் முதன்முறையாக இடம்பெற்றது. மூத்த ஓவியர் கொரோ அவருக்கு வானத்தின் மன்னர் என்றே பட்டம் சூட்டினார்.

மோனே கதை 1858ஐ ஒட்டியது. லெ ஹாவரில் வளர்ந்த அந்த இளைஞர் ஊர்ப்பெரியவர்களைக் கேலிச்சித்திரம் வரைந்து காசு பார்த்துக்கொண்டிருந்தார். அவை தொங்கிய கடைச் சன்னலிலேயே பூதேனின் கடற்படங்களும் தொங்கின. மோனேக்கு அவை பிடிக்கவே இல்லை. வரையக் கூப்பிட்டபோதெல்லாம் சாக்குச் சொல்லித் தப்பினார். முடிவில் ஒருநாள் உடன் சென்றார். அன்று கண் திறந்தது என்றும், தாம் ஓவியரானது பூதேனால்தான் என்றும் முதுமையிலும் சொல்லிவந்தார். 1874இல் மோனே முதலியோர் பாரிசில் நடத்திய முதல் தனிக்கண்காட்சியில் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பூதேனும் படங்கள் வைத்தார். அக்கண்காட்சியே அக்குழுவுக்கு 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரை வாங்கித் தந்தது. ஆனால் குழுவின் கொடியைப் பிடித்து நடக்கும் இயல்பு பூதேனுக்கு இல்லை.

அவர் பெயரைப் பரப்பியவை 1862 முதல் வரைந்த ட்ரூவில் கடற்கரைப் படங்கள். மறுஆண்டே இரயில் அவ்வூரை எட்டிற்று. பாரிசுச் செல்வர்கள் வந்து குவிந்தனர். வளையம் வைத்து விரித்த பாவாடைகளும் குடைகளும் நாற்காலிகளுமாக மணலில் ஒரு கூட்டம். அவர்களுக்கு மேலே மாபெரும் வானம். முகம் ஒன்றும் தெரியாது. காற்று ஆடையைப் பிடித்து இழுப்பது மட்டும் தெரியும். இப்படங்கள் விற்றன. ஆயினும் 1867இல் பிரித்தானிப் பகுதியின் ஏழை மக்களிடையே தங்கிவிட்டு மீண்டபோது, ட்ரூவில் கூட்டம் அவருக்கு வெறும் வேடிக்கைக் கூத்தாகத் தோன்றிற்று. அதைக் கடிதத்தில் கசப்போடு எழுதினார். அவர் மனைவியும் பிரித்தானிப் பெண்தான். மறுஆண்டோ, அந்தச் செல்வர்களும் மாலை ஒளியில் நடக்கும் மனிதர்கள்தாமே, ஓவியத்தில் இடம்பெற அவர்களுக்கும் உரிமை உண்டு என்று வாதாடினார். இந்த இரு மனத்தை நான் குறையாகக் கருதவில்லை. பின்னாளில் அதே ட்ரூவிலின் தூக் ஆற்றங்கரையில் முழந்தாளிட்டுத் துணி வெளுக்கும் பெண்களைப் பலமுறை வரைந்தார். என்னைக் கேட்டால் குடைபிடித்த சீமாட்டிகளைவிட அவர்களே மேல். அவர்களுக்கும் மேல் ஆளே இல்லாத அந்த மேகப்படங்கள்.

சிறப்புகள் பிந்தியே வந்தன. 1889இல் உலகக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றார். அவ்வாண்டே மனைவியை இழந்தார். 1892இல் அரசாங்க விருது. வெனிசு வரை சென்று வரைந்தார். உடல் தளர்ந்தபோது தம் கடற்கரைக்கே திரும்ப விரும்பி, ட்ரூவிலை அடுத்த தோவிலில் 1898 ஆகஸ்டு 8ஆம் நாள் உயிர்நீத்தார்.

அவர் அறையில் எஞ்சிய படங்களில் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை 1900இல் தம்பி லூயி லெ ஹாவர் நகருக்கே அளித்தார். உபகாரச் சம்பளம் கொடுத்த நகரத்துக்கு மேகங்கள் வந்து சேர்ந்தன. 1944இல் குண்டு வீச்சில் நகரமே தரைமட்டமானபோது அருங்காட்சியகக் கட்டடமும் அழிந்தது. 1961இல் துறைமுக வாயிலில் கண்ணாடியும் எஃகுமாகப் புதியது எழுந்தது. இப்போது அம்மேகப்படங்கள் அங்கேதான் இருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே அதே கழிமுகம். கப்பல்கள் போகின்றன, வருகின்றன.