வங்காள விரிகுடாப் படிவுகள்

வங்காள விரிகுடாப் படிவுகள் என்பவை வங்காள விரிகுடாவின் கரையோரங்களிலும் கடலடியிலும் சேர்ந்துள்ள மணல், வண்டல், களிமண் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுட் பெரும்பகுதி இமயமலையிலிருந்து வந்ததாகும். கங்கையும் பிரமபுத்திராவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. ஒரு பகுதி கழிமுகத்திலேயே தங்கிவிடுகின்றது. மற்றொரு பகுதி கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே கலங்கல் நீரோட்டங்களாகத் தெற்கு நோக்கிச் சரிந்து செல்கின்றது. இவ்வாறு உருவான வங்காள விசிறியே உலகின் மிகப் பெரிய கடலடி விசிறியாகும். இதன் நீளம் ஏறத்தாழ 3,000 கி.மீ.; வடக்கே தடிப்பு 16 கி.மீ. வரை உள்ளது. எவரெசுட்டு மலையின் உயரம் 9 கி.மீ.க்கும் குறைவு என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

களிமண் கனிமங்கள்

படிவு எங்கிருந்து வந்தது என்பதை அதன் கனிமங்களே காட்டிக்கொடுக்கின்றன. இமயமலை வண்டலில் குவார்ட்சு, பெல்ட்சுபார், மைக்கா ஆகியவற்றுடன் இல்லைட்டு, குளோரைட்டு ஆகிய களிமண் கனிமங்கள் மிகுந்துள்ளன. குளிர்ந்த உயர்மலைகளில் பாறை வேதிமுறையில் முற்றாகச் சிதையுமுன்பே அரித்துச் செல்லப்படுவது இதற்குக் காரணம். மாறாக, கோதாவரி, கிருட்டிணா ஆறுகள் தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவான கரிசல் மண்ணைக் கொண்டு வருவதால், அவற்றின் முகத்துவாரங்களுக்கு அப்பால் சிமெக்டைட்டு மேலோங்குகின்றது. நீரை உறிஞ்சி உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் நிலத்தின் இயல்பு இக்கனிமத்தினாலேயே ஏற்படுகின்றது.

கரையோரக் கருமணல்

கரையில் அலைகளே கனிமங்களைப் பிரிக்கின்றன. குவார்ட்சின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, இல்மனைட்டின் அடர்த்தி 4.7 அளவில் உள்ளது. பின்வாங்கும் அலை இலேசான மணலை இழுத்துச் செல்ல, பாரமானவை கரையில் தங்கிக் கரும்பட்டைகளாகின்றன. ஒடிசாவின் சத்ரபூரில் இல்மனைட்டு, சில்லிமனைட்டு, கார்னெட்டு, தோரியம் கொண்ட மோனசைட்டு ஆகியன கிடைக்கின்றன. இவற்றுட் பல கிழக்குத் தொடர்ச்சி மலையின் உருமாறிய பாறைகளிலிருந்து வந்தவை. இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரை இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது.

ஆய்வும் இன்றைய நிலையும்

2015 இல் பன்னாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று விசிறியின் நடுப்பகுதியில் துளையிட்டு மாதிரிகளை எடுத்தது. அவற்றில் ஏறத்தாழ 1.9 கோடி ஆண்டுகள் வரை பழமையான மரத்துண்டுகள் இருந்ததாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. மலைக்காடுகளின் கரிமம் ஆழ்கடலிற் புதையுண்டு, வளிமண்டலத்துக்குத் திரும்பாது நீண்டகாலம் நிற்கின்றது என்பதற்கு இது சான்று.

விரிகுடாவுக்கு வரும் வண்டல் எங்கும் ஒரே நிலையில் இல்லை. கிருட்டிணாவின் வண்டலில் பெரும்பகுதி நாகார்சுனசாகர் போன்ற அணைகளின் பின்னே தங்கிவிடுகின்றது. அதன் கழிமுகக் கரையின் பல பகுதிகளைக் கடல் அரித்து வருகின்றது.