குமராட்சி: வயலோடு வளர்ந்த வரலாறு

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் பேருந்தில் போகிறவர்களுக்குக் குமராட்சி வெறும் நிறுத்தம். ஆனால் சைவ, வைணவத் தொகுப்பு மரபுகள் இரண்டும் இந்த வட்டாரத்தில் வேர்விட்டவை. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர் பக்கத்திலுள்ள திருநாரையூர். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கொள்ளிட நீரும் சோழர் வெட்டிய வீராணம் ஏரியும் நெல்லைத் தந்தன. அந்த நெல்தான் கோயிலையும் கல்வியையும் தாங்கியது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து வடவாறு இன்றும் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஆக, இங்கே இயற்கை அழகும் பண்பாடும் ஒரே பாசனத்தின் விளைச்சல்.

‘அழகு சோறு போடுமா? பிச்சாவரம் மாதிரி சுற்றுலாத் தலமாக்கினால் வேலையாவது கிடைக்குமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயலை மனையாக்கி விடுதி கட்டினால், பார்க்க வருகிறவருக்கு எதைக் காட்டுவது? சிதம்பரத்தில் நடராசரைத் தரிசிக்க வருவோர் ஏற்கெனவே ஏராளம். அவர்களில் சிலரைத் திருநாரையூருக்கும், கல்லில் சக்கரமும் குதிரையும் செதுக்கித் தேராகவே எழுப்பிய மேலக்கடம்பூர் கோயிலுக்கும் அரை நாள் அழைத்துவந்தால் போதும். அதற்குத் தேவை பேருந்து, கழிப்பறை, விவரம் சொல்லப் பயிற்சிபெற்ற உள்ளூர் இளைஞர்கள். வயல் நிலைக்க, வாய்க்கால் தூர்வாரும் செலவையும் இதோடு சேர்க்க வேண்டும். வீராணத்து நீரைக் குடிக்கும் சென்னைக்கும் அந்தச் செலவில் பங்கு உண்டு.