கேஸ் கசிந்த சமையலறை, கம்ப்யூட்டருக்குள்

விடுமுறைக்கு மார்த்தாண்டம் வீட்டுக்குப் போயிருந்தேன். விடியற்காலை, இரவு முழுக்க மூடியிருந்த சமையலறையைத் திறந்த அம்மா, "மக்கா, என்னவோ நாறுதே" என்றபடி லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலேயே லைட் எரிந்தது! கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்து, பிறகு ரெகுலேட்டரை மூடினோம். ரப்பர் டியூபில் விரிசல்.

சென்னை திரும்பியதும் அந்த சமையலறையை என் வீட்டு கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்தேன். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பயர் டைனமிக்ஸ் சிமுலேட்டர்' இலவச சாஃப்ட்வேர். விண்டோசிலும் ஓடும். அறையின் அளவு, ஜன்னல், கசியும் இடம் ஆகியவற்றை நோட்பேடில் டைப் செய்து கொடுத்தால் போதும். கேஸ் எப்படிப் பரவுகிறது என்பதை 'ஸ்மோக்வியூ' படமாகக் காட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது? அறை சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கேஸ் எவ்வளவு, அடுத்த பெட்டிக்கு எவ்வளவு போகிறது என்று நொடிக்குப் பலமுறை கணக்கு நடக்கும். எங்கள் சமையலறை நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர். 10 செ.மீ. பெட்டி என்றால் 27,000 பெட்டிகள். 4 மணி நேரத்தில் முடிந்தது. 5 செ.மீ. ஆக்கினேன், பெட்டிகள் 8 மடங்கு, நேர இடைவெளியும் பாதியாவதால் மொத்த வேலை 16 மடங்கு. கிட்டத்தட்ட மூன்று நாள்! நிறுத்திவிட்டேன்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. படத்தில் அது தரையோரமாகத் தேங்கி நின்றது. மேல் ஜன்னலைத் திறந்து வைத்தும் பெரிய பலனில்லை. காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் இருந்தாலே தீப்பிடிக்கும். எங்கள் அறை முழுக்க அப்படிக் கலக்க ஒரு கிலோ சொச்சம் போதும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. சுவிட்சில் வரும் பொறியே அதைப் பற்றவைத்துவிடும்.

வெடித்தபின் சுவரில் ஏறும் அழுத்தத்தை இந்த சாஃப்ட்வேர் சரியாகச் சொல்லாது, அதற்கென உருவானதல்ல. நார்வேயில் 1980களில் உருவான 'ஃப்ளாக்ஸ்' அந்த வேலையைச் செய்யும். 1988 ஜூலை 6 அன்று 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்தை ஆராயவும் அது பயன்பட்டது. முழுக்க மூடிய அறையில் கேஸ் எரிந்தால் அழுத்தம் 8 மடங்கு வரை ஏறலாம். ஜன்னல் கண்ணாடியோ அதில் சிறு பங்குக்கே உடைந்து, அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். காற்றுப் போக்கில்லாத கப்போர்டுக்குள் சிலிண்டரை அடைக்கும் நாகரிகம் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று புரிகிறதா?

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள்.

ஸ்மோக்வியூ படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாளே கொத்தனாரை அழைத்து, சிலிண்டர் அருகே வெளிச்சுவரில், தரையை ஒட்டி ஒரு துளை போட்டுவிட்டார். எலி வருமே என்று அம்மா அதற்குக் கம்பி வலை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.