ஹாஸ்பிஸ் இல்லத்தின் தரம் அறிதல்

குணமாக்க முடியாத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவரைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் இல்லத்தின் தரத்தைக் கட்டடமோ கட்டணமோ காட்டிவிடாது. முதலில் பார்க்க வேண்டியது வலி நிவாரணம். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இன்றும் அதுவே உரைகல். கடும் வலிக்குத் தரப்படும் சாதாரண மார்பின் மாத்திரை பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். இடையில் வலி மீறினால் தரவேண்டிய கூடுதல் அளவையும், மார்பினால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் மருத்துவர் கூடவே எழுதித்தர வேண்டும். இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத் திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்பின் வைத்திருப்பதை எளிதாக்கியது. அந்த அங்கீகாரம் உண்டா என்று நேரடியாகவே கேட்கலாம். மழுப்பலான பதில் கவலைக்குரியது.

அடுத்து, வீட்டிலிருந்தே இல்லத்தின் பராமரிப்பைப் பெறுபவருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? செவிலியர் வீட்டுக்கு வருவாரா? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தருகிறார்களா? நோயாளியிடமே நிலைமையைப் பக்குவமாகச் சொல்லி அவர் விருப்பத்தைக் கேட்கிறார்களா என்பது இவற்றைவிட முக்கியம். பல குடும்பங்களில் அவரை ஒதுக்கிவைத்தே எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது. மரணத்துக்குப் பின்னும் குடும்பத்தாரைத் தேடிவந்து பேசுவது நல்ல இல்லங்களின் வழக்கம்.