எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

எழுத்தாளர் பிறக்கிறாரா, உருவாக்கப்படுகிறாரா? பல்கலைக்கழக ஆய்வரங்குகளில் படைப்பாற்றல் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஒரு தரப்பினர் அதை அருள் என்பர். மறுதரப்பினர் பயிற்சி என்பர். முடிவு தெரிவதற்குள் தேநீர் நேரம் வந்துவிடும்.

உண்மையில் இருதரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் எழுதிய நூலில், படைப்பு மனம் 4 படிகளைக் கடக்கிறது என்று விளக்கினார். முதலாவது ஆயத்தம், படிப்பதும் கவனிப்பதும் இதில் அடங்கும். இரண்டாவது அடைகாத்தல்; விஷயத்தை மறந்துவிட்டது போலிருந்தாலும் உள்மனம் வேலை செய்துகொண்டிருக்கும். மூன்றாவது, திடீரெனப் பொறி தட்டுவது. நான்காவது, கிடைத்ததைச் சரிபார்த்துச் செப்பனிடுவது.

அருள் என்று பலரும் சொல்வது மூன்றாவது படியைத்தான். அதை எந்த ஆசிரியரும் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால், முதல் படியும் கடைசிப் படியும் உழைப்பைச் சேர்ந்தவை. அவற்றைத் தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழே வகுப்பறையாயிற்று, அது போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பாடமும் போய்ச் சேர்ந்தது. 1952இல் அதே நாளிதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தமிழகம் திரும்பும்வரை, இலக்கிய வட்டத்தின் வழி இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். இந்நாட்டுச் சிறுகதை வளர்ச்சியைப் பேசுவோர் இம்முயற்சிகளை மறப்பதில்லை.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. இன்று எழுதியதை வெளியிட நாளிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கைப்பேசி போதும். எழுதிய மறுநிமிடமே பாராட்டும் வந்துவிடுகிறது. ஆனால், அடைகாக்கப் பொறுமையும் இல்லை. "இந்தப் பத்தி வேண்டாம், முடிவை மாற்றிப் பாருங்கள்" என்று சொல்ல ஆளும் இல்லை.

ஆகவே, அருளா பயிற்சியா என்ற வாதத்தோடு அடுத்த ஆய்வரங்கு நின்றுவிடக்கூடாது. முதல் கதையோடு வரும் ஓர் இளைஞருக்கு, அதைப் பொறுமையாகப் படித்துத் திருத்திக் கொடுக்கப்போவது யார்? அந்தப் பொறுப்பை ஏற்க அரங்கில் நான்கு பேர் கை உயர்த்தினாலும் போதும். கதை வகுப்பு மீண்டும் தொடங்கிவிடும்.