ஆஷ்விட்ஸ் நினைவிடமும் வழிகாட்டியின் குரலும்

வரலாற்றுச் சிறப்புடைய ஓரிடத்தைக் காணச் செல்வோர் அனைவர்க்கும் வாயிலிலேயே ஒரு வினா எழும். விளக்கம் கூறும் வழிகாட்டியோடு செல்வதா, அன்றி நாமே நம் விருப்பம்போல் சுற்றிப் பார்ப்பதா என்பதே அது. கோயிலையோ கோட்டையையோ காணும்போது இவ்வினா பணத்தையும் பொழுதையும் பற்றியதாகவே பெரும்பாலும் நின்றுவிடும். லட்சக்கணக்கான மக்கள் கொல்லப்பட்ட ஓரிடத்தில் இதே வினா எழும்போதோ, அதன் கனமே வேறு. மாண்டவர்களை நாம் எங்ஙனம் அறிந்துகொள்ளப் போகிறோம் என்பதே அங்கே கேட்கப்படுகிறது. போலந்து நாட்டிலுள்ள ஆஷ்விட்ஸ் நினைவிடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

போலந்தின் தென்பகுதியில், கிராக்கோவ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஓஷ்வியெஞ்சிம் என்னும் ஊர் உள்ளது. அதன் ஜெர்மன் பெயரே ஆஷ்விட்ஸ். 1939-ஆம் ஆண்டில் போலந்தைக் கைப்பற்றிய ஹிட்லரின் ஆட்சி, மறு ஆண்டில் அங்கே ஒரு சிறைமுகாமை அமைத்தது. 1940 ஜூன் 14-ஆம் நாள் 728 போலந்துக் கைதிகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். 1941-இல், மூன்று கிலோமீட்டர் தொலைவில், பிர்க்கனாவ் என்னும் இரண்டாவது பெருமுகாமின் கட்டட வேலை தொடங்கிற்று. 1942 முதல், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் யூத மக்கள் சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டு, நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். இம்முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். அவர்களுள் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். இறந்தவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். எஞ்சியோர் போலந்து மக்களும், ரோமா எனப்படும் நாடோடி இனத்தவரும், சோவியத் போர்க்கைதிகளும், பிற நாட்டினரும் ஆவர். 1945 ஜனவரி 27-ஆம் நாள் சோவியத் படை உள்ளே நுழைந்தபோது, உயிருடன் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேரே.

போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டில், போலந்து நாடாளுமன்றம் இவ்விடத்தைச் சட்டத்தின் மூலம் அருங்காட்சியகமாக்கியது. இதற்காக முன்னின்று உழைத்தவர்கள் அம்முகாமிலிருந்து உயிர்தப்பிய கைதிகளே. இரு முகாம்களும் சேர்ந்த நிலப்பரப்பு 191 ஹெக்டேர். 1979-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. நுழைவதற்குக் கட்டணம் இல்லை; வழிகாட்டியின் சேவைக்கே கட்டணம் உண்டு. வழிகாட்டியின்றிச் செல்லவும் இடமுண்டு. ஆயினும் கூட்டம் மிகுந்த காலங்களில் அதற்குரிய நேரம் குறைவாகவே கிடைக்கும். முன்பதிவு செய்துகொள்வதும், விதிகள் மாறக்கூடியவையாதலால் புறப்படுமுன் நினைவிடத்தாரின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும் நலம்.

இனி, வழிகாட்டியின்றி உள்ளே செல்லும் ஒருவர் என்ன காண்பார் என்று பார்ப்போம். முதல் முகாமின் செங்கற் கட்டடம் ஒன்றின் நடைவழிச் சுவர்களில் வரிசை வரிசையாகப் புகைப்படங்கள் உள்ளன. கோடிட்ட சிறையுடையும் மழிக்கப்பட்ட தலையுமாகக் கைதிகள் நம்மை நேர்நோக்குகின்றனர். அம்முகங்களைக் காண்பவர், ஆஷ்விட்ஸில் மாண்டவர்கள் இவர்களே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது முழு உண்மையன்று. அப்படங்களுள் பெரும்பாலானவை போலந்துக் கைதிகளுடையவை. இங்குக் கொண்டுவரப்பட்ட 13 லட்சம் பேரில் கைதிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேரே. ஏனைய 9 லட்சம் பேர், முதியோரும், தாய்மாரும், குழந்தைகளுமாக, வண்டியை விட்டு இறங்கிய சில மணி நேரத்திற்குள் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு எண் இடப்படவில்லை, சிறையுடை தரப்படவில்லை, சிறைப்பதிவுக்கென எவரும் அவர்களைப் படம் எடுக்கவுமில்லை. சுவரில் இல்லாத முகங்களே அங்கே மிகுதி. இதனைச் சுவர் தானாகச் சொல்லாது; அறிந்தவர் ஒருவர் அருகில் நின்று சொல்லவேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிர்க்கனாவின் நுழைவாயிற் கோபுரமும், அதன் அடியில் உள்ளே செல்லும் இருப்புப்பாதையும் உலகெங்கும் படங்களில் பரவிய காட்சி. இங்கு வந்த வண்டிகள் யாவும் இவ்வழியாகவே நுழைந்தன என்று பலரும் கருதுகின்றனர். அப்பாதை முகாமுக்குள் நீட்டப்பட்டது 1944-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில்தான். அவ்வாண்டு மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அதன் வழியே கொண்டுவரப்பட்டனர். அதற்கு முந்திய ஈராண்டுகளில் வந்த வண்டிகளோ, இரு முகாம்களுக்கும் இடையே, வெளியே இருந்த ஒரு மேடையருகில் நின்றன. அங்கிருந்து மக்கள் நடத்தியும் வண்டிகளில் ஏற்றியும் கொண்டுசெல்லப்பட்டனர். படத்தில் கண்டதையே வரலாறு என்று கொள்பவருக்கு இந்த ஈராண்டுகள் மறைந்துபோகும்.

மூன்றாவது செய்தி இன்னும் நுட்பமானது. முதல் முகாமிலுள்ள பிணமெரி கூடத்தின் புகைபோக்கியும் உலைகளும் போருக்குப்பின் பழைய பகுதிகளைக் கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டவை. ஏனெனில், அக்கட்டடம் 1944-இல் வான்தாக்குதலுக்கான பதுங்கிடமாக மாற்றப்பட்டிருந்தது. பிர்க்கனாவில் இருந்த பெரிய கொலைக்கூடங்களோ இன்று இடிபாடுகளே. அவற்றுள் ஒன்று, அங்கு வேலைசெய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் 1944 அக்டோபர் 7-ஆம் நாள் கிளர்ந்தெழுந்தபோது தீக்கிரையானது. மற்றவை கொலைகாரர்களாலேயே சான்றை மறைக்கும்பொருட்டுத் தகர்க்கப்பட்டன. எது பழையது, எது பின்னர்க் கட்டியது என்ற வேறுபாட்டை அறியாதவரிடம், எல்லாமே பிற்காலத்துப் புனைவு என்று கூறி மயக்குவது எளிது. இக்கொடுமையே நிகழவில்லை என்று வாதிடும் கூட்டத்தார் இவ்வழியையே கையாண்டு வருகின்றனர். ஆகவே, விளக்கம் என்பது இங்கே அலங்காரமன்று, உண்மைக்குக் காவல்.

அவ்வாறாயின் வழிகாட்டியுடன் செல்வதே முடிந்த முடிபு எனலாமா? அங்கும் சிந்திக்க வேண்டியவை உள. தொடக்கத்தில் வழிகாட்டிகளாயிருந்தோர் பலர் அம்முகாமிலேயே கைதிகளாய் வாடியவர்கள். 1955 முதல் 1990 வரை அருங்காட்சியகத்தின் இயக்குநராயிருந்த காசிமியெஷ் ஸ்மோலென் என்பவரும் முன்னாள் கைதியே. 'நான் கண்டேன்' என்று சொல்ல அவர்களால் இயன்றது. அத்தலைமுறையினர் இன்று மிகச் சிலரே. இப்போதைய வழிகாட்டிகள் பயிற்சியும் தேர்வும் பெற்ற கல்வியாளர்கள். தாம் காணாததை ஆவணங்களின் துணைகொண்டு உரைப்பவர்கள். எனவே கேட்பவரின் பொறுப்பும் மிகுகிறது.

கல்வெட்டும் தவறக்கூடும் என்பதற்கு இவ்விடமே சான்று. பிர்க்கனாவின் நினைவுச் சின்னத்தருகே முன்பு பதிக்கப்பட்டிருந்த பலகைகள், அங்கு மாண்டோர் தொகை 40 லட்சம் என்று பல மொழிகளில் அறிவித்தன. போர் முடிந்ததும் சோவியத் விசாரணைக் குழு மதிப்பிட்ட தொகை அது. பின்னர் அருங்காட்சியகத்தின் வரலாற்றறிஞர் ஃபிரான்சிஷெக் பைப்பர், வந்த வண்டிகளின் விவரங்களை நாடுதோறும் கணக்கிட்டு ஆராய்ந்து, தொகை ஏறத்தாழ 11 லட்சம் என நிறுவினார். 1990-இல் பழைய பலகைகள் அகற்றப்பட்டன. தொகை குறைந்ததனால் குற்றம் குறைந்துவிடவில்லை. சரியான எண்ணை நாடுவது மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதைகளுள் ஒன்றேயாகும். கல்லில் எழுதியதாயினும், வழிகாட்டியின் வாயில் வருவதாயினும், 'இது எங்ஙனம் தெரியும்?' என்று கேட்க மாணவர்கள் கூசவேண்டியதில்லை.

மேலும், குழுவுடன் செல்பவர் குழுவின் நடையிலேயே நடக்கவேண்டும். காதில் பொருத்திய கருவியில் வழிகாட்டியின் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பின்னால் அடுத்த குழு காத்திருக்கும். மாண்ட பெண்களின் தலைமயிர் குவிந்து கிடக்கும் அறையின் முன்னும், உரிமையாளரின் பெயர் எழுதிய பெட்டிகளின் முன்னும் ஓரிரு நிமிடங்களே நிற்க முடியும். சுமார் மூன்றரை மணி நேரத்தில் இரு முகாம்களையும் கண்டு திரும்பும் குழு, பிர்க்கனாவின் தொலைவான பகுதிகளுக்குப் பெரும்பாலும் செல்வதில்லை. அங்கே பிர்ச் மரத்தோப்பு ஒன்றுள்ளது. கூடங்களில் இடம் ஒழியும்வரை, தமக்கு நேரப்போவதை அறியாத குடும்பங்கள் அம்மரங்களின் கீழ் அமர்ந்திருந்தன. 1944-இல் எடுக்கப்பட்ட அக்காட்சியின் படங்கள் இன்றும் உள்ளன. மரங்களும் நிற்கின்றன. அவ்விடத்தில் எவருடைய பேச்சும் தேவையில்லை.

முதல் முகாமின் 27-ஆம் கட்டடத்தில் பெயர்நூல் ஒன்று 2013 முதல் வைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பா எங்கணும் கொல்லப்பட்ட யூதர்களுள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் பேரேடுகளில் அச்சாகியுள்ளன. யார் வேண்டுமானாலும் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரே பெயர் பக்கம் பக்கமாக வருவதையும், ஒவ்வொன்றும் வேறொரு மனிதருடையது என்பதையும் உணர, தனியே நிற்கும் சிறிது நேரம் வேண்டும்.

எல்லா நினைவிடங்களும் ஆஷ்விட்ஸ் போன்றவையல்ல. போலந்திலேயே திரெப்ளிங்கா என்னும் கொலைக்களம் உள்ளது. 8 லட்சத்துக்குக் குறையாத யூதர்கள் அங்கே மாண்டனர். 1943-இல் ஜெர்மானியர் முகாமை முற்றும் இடித்து, நிலத்தை உழுது, பயிரிட்டு மறைத்தனர். இன்று காண்பவை காடும், 1964-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் ஏறத்தாழ 17,000 கற்களுமே. ஒன்றும் அறியாது செல்பவர் அங்கே ஒன்றும் காணமாட்டார். அறிந்து செல்பவருக்கோ அந்த வெறுமையே சான்றாகும்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முறை இதுவெனத் தோன்றுகிறது. செல்லுமுன் படித்தறிதல் முதற்படி. முகாமில் வாழ்ந்து மீண்ட பிரிமோ லெவி எழுதிய நூல் போன்றவை இதற்குத் துணைபுரியும். முதன்முறை செல்பவர், முதல் முகாமை வழிகாட்டியுடன் காண்பது நன்று. பின்னர் பிர்க்கனாவில் சில மணி நேரமேனும் தனியே நடப்பது நன்று. பொழுது இல்லையெனில் இடங்களைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, விரைந்து ஓடிப் பார்த்தல் ஆகாது. 14 வயதுக்குட்பட்டவர்களை அழைத்து வருவதை நினைவிடத்தார் பரிந்துரைப்பதில்லை. தலைமயிர் உள்ள அறையில் படம் எடுத்தல் கூடாது. இருப்புப்பாதைத் தண்டவாளங்களின்மீது ஏறி விளையாட்டாய் நடந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டாமென்று 2019-ஆம் ஆண்டில் நினைவிடத்தார் வெளிப்படையாகவே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அவ்வேண்டுகோளுக்கு இடந்தராத நடத்தையே நற்பண்பு.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் இருபொருள் தரும். பிறர் சொல்லக் கேட்டறிதலும் கேள்வி; ஐயம் வினவுதலும் கேள்வி. வழிகாட்டியிடம் நாம் பெறுவது முதல்வகைக் கேள்வி. தனியே நிற்கையில் நம்முள் எழுவது இரண்டாம் வகை. கல்வியும் தொழிலறிவும் மிக்க ஒரு நாட்டின் அதிகாரிகளும் பொறியாளர்களும் மருத்துவர்களும் இதற்கு எவ்வாறு துணைநின்றனர்? அண்டை வீட்டார் எவ்வாறு வாளாவிருந்தனர்? நாமாயின் என் செய்திருப்போம்? இவற்றுக்கு விடையை எவரும் நம் காதில் ஓதிவிட முடியாது. எனினும், நிகழ்ந்தது இன்னதென்று முதலில் செவ்வையாகக் கேட்டறிந்தவரே இவ்வினாக்களைச் செவ்வையாக எழுப்பவும் வல்லவராவர்.