லில்லியின் முதுகெலும்பு

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. கிளப் அணிக்கு வேகப்பந்து வீசுகிறவன். இரண்டு வாரம் முன்பு வரை வீசியவன் என்று சொல்வதுதான் சரி. இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம், நிமிர்ந்தால் சுருக்கென்று குத்துகிற வலி. ஸ்கேன் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது, மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்தான்.

"மாமா, முதுகு உடைஞ்ச பௌலர் யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

"டெனிஸ் லில்லி தெரியுமா உனக்கு?"

"யூடியூப்ல பார்த்திருக்கேன். மீசை வச்சிருப்பாரு."

அந்த மீசைக்காரரின் கதையைத்தான் சொன்னேன். ஆனால் அவருக்கு என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று தெரியாமல் கதையைக் கேட்டால் அது வெறும் வீரக்கதையாகிவிடும். அதனால் முதலில் டீ மாஸ்டர் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினேன்.

வேகப்பந்து வீச்சாளர் முழு ஓட்டத்தில் வந்து முன்காலை ஊன்றுகிற நொடியில், தரை அவரைத் திருப்பி அடிக்கிறது. உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வரும் அடி அது. இவன் அறுபது கிலோ இருப்பான்; முந்நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் விழும் அந்த அடி முழங்கால், இடுப்பு வழியாக ஏறி முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு வருகிறது. அங்கே அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கூடவே முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

துண்டின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். "இது உன் இடுப்பு, அசைக்காதே. இது தோள்." நான் என் முனையைத் திருகினேன். நடுவில் முறுக்கு விழுந்தது. பக்கவாட்டில் நின்று வீசுகிறவருக்கு இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கும். நெஞ்சைக் காட்டி வீசுகிறவருக்கும் அப்படித்தான். இரண்டும் பாதகமில்லை. இடுப்பு மட்டையாளரைப் பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிற கலப்பு ஆக்‌ஷன்தான் ஆபத்து. அந்த முறுக்கைத் தாங்குவது கடைசி இரண்டு மூன்று முதுகெலும்புகளின் பின்பக்கம் இருக்கிற சின்ன எலும்புப் பாலம். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு வளைவில் அது விட்டுப்போகும் இல்லையா, அதுபோலத்தான். ஒரு பந்தில் உடைவதில்லை; ஓய்வில்லாத ஆயிரம் பந்துகளில் உடைகிறது. வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். எலும்பு முழுதாக இறுகாத இளவயதில் இது இன்னும் எளிது.

பையன் தன் இடப்பக்க இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இனி லில்லி. 1949-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்தவர். 1971 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் பெர்த்தில் உலக அணியை 59 ரன்னில் சுருட்டியபோது அவர் கணக்கு 29 ரன்னுக்கு 8. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 31 விக்கெட். எங்கோ எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி, முடி பறக்க, கையும் காலும் நாலாபுறமும் சிதற ஓடிவரும் ஓட்டம். பார்க்க அழகு. முதுகெலும்புக்கு அது அழகாக இருந்திருக்காது.

1973-ல் மேற்கிந்தியத் தீவுகள். கிங்ஸ்டனில் ஒரே ஒரு டெஸ்ட், விக்கெட் இல்லை. முதுகு பேச ஆரம்பித்துவிட்டது. கீழ் முதுகெலும்புகளில் விரிசல்கள். எம்.ஆர்.ஐ. என்ற வார்த்தையே மருத்துவமனைக்கு வராத காலம். இருபத்துமூன்று வயது உடம்பின் நடுப்பகுதியை ஆறு வாரம் பிளாஸ்டர் கட்டுக்குள் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இப்படி உடைந்தவர்களை, பாவம், நல்ல பௌலர் என்று சொல்லி வழியனுப்பி வைப்பதுதான் வழக்கம்.

இந்த இடத்தில்தான் லில்லி எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். 8 விக்கெட் எடுத்ததில் அல்ல, அதற்கு உடம்பு ஒத்துழைத்தது. கட்டுப் பிரித்த பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து ஃபிராங்க் பைக்கிடம் போனார். உடற்பயிற்சியைப் பாடமாகப் படித்து ஆராய்ந்தவர் அவர். வயிற்றுத் தசை, முதுகுத் தசை, தொடை, ஓட்டம் என்று ஒவ்வொன்றாக அளந்து, திட்டம் போட்டு, உடம்பை மறுபடி கட்டினார்கள். முறுக்கை எலும்பு வாங்காமல் தசை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று பன்னிரண்டு வயது அகாடமிப் பையன்கூட இதைச் சொல்வான். அன்று, ஓடினால் போதும், வீசினால் போதும் என்றிருந்த ஆட்டத்தில் இது புதுசு.

"அந்த வருஷம் முழுக்க ஆடவே இல்லையா?"

ஆடினார், பெர்த் கிளப்புக்கு, பெரும்பாலும் மட்டையாளராக! உலகத்தையே மிரட்டிய கை, பந்தை இன்னொருத்தன் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. யோசித்துப் பார்த்தால் பிளாஸ்டர் கட்டைவிட இதுதான் கஷ்டம்.

1974 நவம்பர் பிரிஸ்பேனில் திரும்பி வந்தார். மறுமுனையில் ஜெஃப் தாம்சன். அந்த ஆஷஸ் தொடரில் தாம்சனுக்கு 33, லில்லிக்கு 25 விக்கெட். இங்கிலாந்து மட்டையாளர்கள் பட்ட பாட்டை இன்னொரு டீக்கு வைத்துக்கொள்வோம்.

"வேகம் குறைஞ்சிடுச்சா மாமா?" இதைக் கேட்கத்தான் வந்திருப்பான்.

உடனே குறையவில்லை. வயது ஏற ஏறக் குறைந்தது. ஆனால் குறைந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஓட்டத்தைச் சுருக்கினார். லெக் கட்டரைப் பழக்கினார். வேகத்தை மாற்றி மாற்றி, கிரீஸின் அகலத்தைப் பயன்படுத்தி, ஒரே மட்டையாளருக்கு ஐந்து பந்தில் வலை பின்னி ஆறாவதில் பிடிக்கக் கற்றார். 1977 மார்ச்சில் மெல்போர்ன் நூற்றாண்டு டெஸ்டில் 11 விக்கெட். அதோடு முதுகு மறுபடி முனகியது. அந்த ஆண்டு இங்கிலாந்துப் பயணத்துக்கு வரவில்லை என்றுவிட்டார். பிறகு தொலைக்காட்சி முதலாளி கெரி பேக்கர் நடத்திய தனித் தொடர். அங்கே எடுத்த விக்கெட்டுகள் டெஸ்ட் கணக்கில் சேராது. 1981-ல் நிமோனியாவிலிருந்து எழுந்த உடம்போடு இங்கிலாந்து போய் ஆறு டெஸ்டில் 39 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் மெல்போர்னில் லான்ஸ் கிப்ஸின் 309 விக்கெட் என்ற உலக சாதனையைத் தாண்டினார். அந்த டெஸ்டின் முதல் நாள் ஆட்டத்தின் கடைசிப் பந்தில் விவ் ரிச்சர்ட்ஸின் ஸ்டம்பு சாய்ந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 10 ரன்னுக்கு 4 விக்கெட்.

எல்லாம் வெற்றியில்லை. 1980-ல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்டில் மொத்தமே 3 விக்கெட். ஃபைசலாபாத் ஆடுகளம் எப்படி இருந்தது என்றால், கீப்பர் ராட் மார்ஷ் உட்பட ஆஸ்திரேலியர் பதினொரு பேரும் பந்து வீசினார்கள். இந்திய மண்ணில் லில்லி டெஸ்ட் ஆடியதே இல்லை. மனிதரும் சாது அல்ல: அலுமினிய மட்டையோடு களமிறங்கி ஆட்டத்தை நிறுத்தினார், பாகிஸ்தானின் மியான்தாதை உதைத்தார், சொந்த அணி தோற்கும் என்று 500-க்கு 1 விலையில் பந்தயம் கட்டினார். கடைசியாகச் சொன்னதை என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை.

1984 ஜனவரி, சிட்னியில் ஓய்வு. 70 டெஸ்ட், 355 விக்கெட். அதே ஆட்டத்தோடு விடைபெற்ற மார்ஷின் கணக்கிலும் கீப்பராக 355 பேர். அந்த 355 விக்கெட்டில் 300-க்குக் குறையாமல் முதுகு உடைந்து ஆறிய பிறகு வந்தவை. இதைச் சொன்னபோதுதான் பையன் டீயை வாயில் வைத்தான். ஆறிப்போயிருந்தது.

நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த லில்லி இதற்குப் பிறகுதான் வருகிறார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2012 வரை இருந்து, மெக்ராத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாரும் அங்கே பட்டை தீட்டப்பட்டவர்கள். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு மும்பையிலிருந்து வந்த ஒரு சுருட்டை முடிப் பையனை, நீ மட்டையைப் பிடி என்று திருப்பி அனுப்பினார்கள். டெண்டுல்கர். அதற்கு மட்டும் லில்லிக்கு ஒரு கோயில் கட்டலாம்.

முதுகு உடைந்து திரும்பி வந்தவர்கள் கணக்கில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸும் வருகிறார். 2011 நவம்பரில், பதினெட்டு வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட்; இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவர் அடித்ததே. பிறகு காயத்துக்கு மேல் காயம், முதுகில் இதே விரிசல். நடுவில் அவருடைய ஆக்‌ஷனைத் திருத்த உதவியவர்களில் ஒருவர் லில்லி. கம்மின்ஸின் இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில்.

பையன் விரல்விட்டு எண்ணினான். "அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது மாமா."

"ஆமா. உனக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"பதினொண்ணு."

துண்டை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழமை மேட்ச்ல பேட்டிங் மட்டும் பண்ணலாமா?" என்றான்.

"அதை டாக்டர்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுக் காசைக் கொடுக்க எழுந்தேன்.